உப்புக்கொத்தியின் நிறை

அராலி வெளியில் வைகாசி வெயில்.
காலை எட்டு மணிக்கே செருப்பைத் தாண்டிக் குதிகால் சுடும்.
உப்புப் பொருக்கு வெடித்த தரையில்
உள்ளங்கை அளவில் ஒரு பள்ளம்,
நாலைந்து நத்தையோடு,
மூன்று முட்டை.
இதைக் கூடு என்பது எங்கள் தயவு.

வில்தராசில் துணிப்பையைக் கொளுவுகிறேன்.
பைக்குள் அவள்.
பையைக் கழித்தால் முப்பத்திரண்டு கிராம்.
முட்டை ஒன்று ஏழு.
எனக்குக் கணக்கு ஓடாது,
ஆனாலும் கல்லுண்டாய் வீதியில் மோட்டார்சைக்கிளில் வரும்போதெல்லாம்
இதைத்தான் போட்டுப் பார்க்கிறேன்:
ஒரு கிழமைக்குள்
தன்னில் மூன்றில் இரண்டை
எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

இறக்கையை விரித்து, மச்சத்துக்குக் கீழே,
ஊசி முனையில் ஒரு துளி இரத்தம்.
மூன்று நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும்.
பிந்தினால் அது அவளுடைய இரத்தமல்ல,
எங்களைக் கண்ட பயத்தின் இரத்தம்
என்பார் நிறோஜன் சேர்.

ஓட்டுக்குச் சுண்ணாம்பு போதாவிட்டால்
பறவை தன் காலெலும்பில் கைவைக்கும்,
அதையும் அவர்தான் சொன்னார்.
வலப்பக்கச் சூலகத்தை முட்டைக்குள் இருந்தபோதே
வேண்டாமென்று விட்டது.
இடப்பக்கத்து ஒன்றும்
பருவம் முடிந்தால் சுருங்கி
உழுந்தளவு ஆகிவிடும்.
பறக்கிறவளுக்கு
ஆசையும் சுமைதான்.

வட்டுக்கோட்டைச் சந்தியில் பெற்றோல் அடிக்கிறவர்
மீதிக் காசோடு சேர்த்துக் கேட்கிறார்:
"பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?"
நாலு வருஷம்.
டெல்வினுக்குக் காங்கேசன்துறையில் இரவு வேலை,
எனக்கு மார்கழியோடு ஒப்பந்தம் முடியும்.
தலையை ஆட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று
அவரும் பார்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் வெயில் கூடிற்று.
ஓடிப்போய்க் கடல்நீரேரியில் வயிற்றுச் செட்டையை நனைத்து
ஓடிவந்து முட்டையில் அமர்ந்தாள்.
அடைகாக்க அல்ல,
அவிந்துபோகாமல் ஆற வைக்க.
ஒரு மணித்தியாலத்தில் பத்தொன்பது தடவை,
நான் கோடு கீறிக் கீறி எண்ணினேன்.
ஆண் இரவில்தான் வருவான்.
அன்று அவன் வந்தானோ தெரியாது,
அந்த நேரத்துக்கு எங்களுக்குச் சம்பளம் இல்லை.

பதினெட்டு. இருபத்தேழு கிராம்.
நெஞ்செலும்பு
பைக்கு வெளியேயும் விரலில் கத்திபோல் இடறிற்று.
மறுநாள் பள்ளத்தில் அவள் இல்லை.
முட்டைகள் என் கன்னத்தைவிடச் சூடு.

படிவத்தில் காரணம் எழுதக் கட்டங்கள்:
நாய். காகம். வெள்ளம். உழவுயந்திரம்.
பென்சிலால் "தாய் கைவிட்டது" என்று எழுதி,
பிறகு "தாய்" என்பதை அழித்தேன்.
பிறகு "கைவிட்டது" என்பதையும்.
தாளில் பள்ளம் மட்டும் மிஞ்சிற்று.

குளிர்பெட்டியில் இருந்த குப்பிகளின் முடிவு
ஆடியில் வந்தது.
அடையில் இருத்தி வைக்கிற புரோலக்டின்
படிப்படியாக இறங்கியிருந்தது.
"எழும்பிப் போ, முதலில் நீ இரு" என்கிற மற்றது
பதினெட்டாம் நாள்
வரைபடத்தின் மேல் விளிம்பைத் தொட்டது.
அவள் யோசித்தாளா என்று கேட்டேன்.
சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"யோசிச்சது அவளில்லை. அவளுக்கு முன்னம்
இருந்து செத்த எல்லாரும்."

தொடுவாயில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன.
முப்பது நாற்பது வருஷம் இருக்கும் பறவை,
இந்த வருஷம் முட்டை இல்லை.
அவற்றிடம் யாரும் கேட்பதில்லை.

ஆவணி நடுவில், பாலத்துக்கு அந்தப் பக்கம்,
இடக்காலில் பச்சை, அதற்கு மேல் வெள்ளை வளையம்.
அவளேதான்.
கொழுத்திருந்தாள். பக்கத்தில்
வளையமில்லாத வேறொருவன்,
நெஞ்சால் மண்ணைத் தள்ளிப்
பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான்.
அவள் அதில் ஏறி நின்று பார்த்தாள்,
இறங்கினாள்,
ஒரு பூச்சியைக் கொத்தினாள்.

தராசு பைக்குள்தான் இருந்தது.
அன்று நான் அதை எடுக்கவில்லை.